சோறு எங்கிருந்து வருகிறது?

சென்ற நாலைந்து மாதங்களில் நான் படித்த புத்தகங்களுக்குள் ஒரு ஒழுங்கும் கிடையாது. ஒரு சுயசரிதம், ஒரு சமையல் புஸ்தகம், ஓர் இங்கிலீஷ் துப்பறியும் கதை, நார்வே தேசத்து நாவல் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பு, தமிழ் நாவல்கள் ஐந்து, கணக்கில் சேர்க்க வேண்டாத சில பத்திரிகைத் தொடர்கதைகள். சில புதிதாகப் படித்தவை. சில மறுபடி படித்தவை. கைக்கு அகப்பட்டதை அகப்பட்ட வரிசையில் படித்தேன். இப்படிப் படிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். திட்டம் போட்டுப் படிப்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, பொறாமை கிடையாது.

ஆனால் இந்தத் தடவை என்னை அறியாமலே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறேன். கேள்வி என்னுடையதல்ல, என் அத்தையுடையது. எண்பது வயதைத் தாண்டியவள். தொடர்கதைகளை விடாமல் படிப்பவள். ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏண்டா, பதினாறு வாரமா இந்தப் பிள்ளை அந்தப் பெண்ணோட கடற்கரையிலேயே உட்கார்ந்திருக்கானே, வேலைக்கே போகமாட்டானா? சாப்பாட்டுக்கு என்ன பண்றான்?" என்று கேட்டாள். நான் பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். பிள்ளையாண்டான் ஒரு பெரிய கம்பெனியில் மானேஜர் என்று முதல் அத்தியாயத்தில் ஒரு வரி இருந்தது. அதற்கப்புறம் கம்பெனியும் இல்லை, மானேஜரும் இல்லை.

வேடிக்கையான கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, இதைவிடக் கறாரான விமரிசனக் கேள்வி நம்மிடையே அதிகம் இல்லை என்று தோன்றியது. ஏழைகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜமீன்தாரைப் பற்றி எழுதினாலும் குத்தகை நெல் எந்த மாதம் வருகிறது, வராத வருஷத்தில் அவர் குரல் எப்படி மாறுகிறது என்பது ஆசிரியனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் செய்கிற தொழில்தான் அவன் எப்போது வீடு திரும்புகிறான், யாரைச் சந்திக்கிறான், எந்த நேரத்தில் எரிந்து விழுகிறான் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. ராத்திரி ஷிப்டு பார்க்கும் மில் தொழிலாளி காதலிப்பதும் பள்ளிக்கூட வாத்தியார் காதலிப்பதும் ஒரே மாதிரி இருக்க முடியாது. நேரம் வேறு, களைப்பு வேறு, பயமும் வேறு. தொழிலை எடுத்துவிட்டால் காதலும் ஒரே அச்சில் வார்த்ததாகிவிடுகிறது. தொடர்கதைக் காதலர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' 1960-ஐ ஒட்டிக் 'கல்கி'யில் தொடராக வந்தபோது தமிழ்நாட்டு மத்தியதரக் குடும்பங்களை ஆட்டி வைத்த நாவல். பிறந்த குழந்தைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பேர் வைத்தார்கள். அரவிந்தன் மதுரையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். நல்ல இடம், எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிற இடம். ஆனால் அந்த அச்சகம் நல்லவர்கள் கூடி நல்லதைப் பேசும் மண்டபமாகத்தான் எனக்குத் தென்படுகிறது. மையும் ஈயமும் நாசியில் ஏறவில்லை. பூரணியின் ஆரம்ப வறுமை மட்டும் உண்மையாக இருக்கிறது. அப்பா போன பிறகு வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவள் பார்க்கும் பக்கங்களில் ஆசிரியர் தரையில் கால் வைத்து நடக்கிறார். பிறகு அவளைப் பீடத்தில் ஏற்றிவிடுகிறார். ஏற்றினது முதல் எனக்கு அவளிடம் பக்தி வருகிறதே தவிர, அவளைப் பற்றிய கவலை போய்விடுகிறது.

உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நாவல் அல்ல. இருந்தாலும் அத்தையின் கேள்விக்குத் தமிழில் இவ்வளவு முழுமையாகப் பதில் சொல்லும் புத்தகம் வேறு எனக்குத் தெரியாது. 1940-ல் 'ஆனந்த விகட'னில் தொடங்கியது. 1942 ஏப்ரலில் ஐயரவர்கள் காலமானதால் பாதி வழியில் நின்றது. 1950-ல் புஸ்தகமாயிற்று. இதைத் 'தமிழ்த் தாத்தா'வின் நூல் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். கும்பிட்டது போதும், எடுத்துப் படியுங்கள் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். பரம சுவாரசியமான புத்தகம்.

தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீதம் தெரிந்தவர். ராமாயணம் சொல்லிப் பிழைத்தவர். ஆதரிக்கிறவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊருக்குக் குடும்பம் நகர்கிறது. அரியலூர், குன்னம் என்று ஊர் மாற மாறப் பையனுக்கு வாத்தியாரும் மாறுகிறார். அந்த ஊரில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு பையனின் தமிழ் ஆசை, இன்னொருவர் வீட்டுக் குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்பதைப் பொறுத்து நிற்கிறது. இதை அவர் அழுதுகொண்டும் சொல்லவில்லை, பெருமையடித்துக்கொண்டும் சொல்லவில்லை. இன்ன ஊரில் இன்னார் இப்படி உதவினார் என்று, பற்று எழுதுகிற நிதானத்தோடு எழுதிக்கொண்டு போகிறார். கடன்பட்டவர் ஒருவரையும் விட்டுவிடக்கூடாது என்ற கவலை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. சில இடங்களில் அதுவே அலுப்பாகவும் இருக்கிறது. இத்தனை கனவான்களின் பேரை நான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த அலுப்பைக் குறைத்தால் புத்தகமும் குறைந்துவிடும்.

1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருகிறார். பிள்ளையவர்களை நாம் புராணங்களாகப் பாடித் தள்ளிய கவியென்று மட்டும் அறிவோம். இந்தப் புத்தகத்தில் அவர் கடன் தீராத ஒரு குடும்பஸ்தர். வாய் திறந்தால் பாட்டு வருகிறது. கையில் பணம் நிற்பதில்லை. வந்தவர்களுக்கெல்லாம் படிப்புச் சொல்லி, சிலருக்குச் சோறும் போட்டு, தம்முடைய கஷ்டத்தை வெளியே காட்டாமல் இருக்கப் பார்க்கிறார். ஆனால் பக்கத்திலேயே இருக்கிற மாணாக்கனுக்குத் தெரியாமல் போகுமா? 1876-ல் அவர் இறக்கும் பகுதி இந்த நூலின் உச்சம் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் கடன் கணக்கெல்லாம் தெரிந்திருப்பதால்தான் அந்தச் சாவு நம்மை அப்படித் தாக்குகிறது. எத்தனையோ நாவல்களில் கவிஞர்கள் இறக்கிறார்கள். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

பிறகு 1880-ல் கும்பகோணம் காலேஜில் வேலை. தியாகராச செட்டியார் தாம் ஓய்வு பெறும்போது அந்த இடத்தை இவருக்கு வாங்கிக் கொடுக்கிறார். சம்பளம் 50 ரூபாய். அதே வருஷம் சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிறார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் வரிசையாகச் சொல்ல, முதலியார் அசைந்து கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிற காட்சியை எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படாமல் படிக்க முடியாது. அங்கிருந்து சீவக சிந்தாமணி. ஏடு தேடுதல், பாடபேதம் பார்த்தல். இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். பலரும் கவனிக்காமல் விடுவது அதற்கடுத்த பகுதியை. காகிதத்துக்கு யார் பணம் கொடுப்பது? வீடு வீடாகப் போய்க் கையொப்பம் வாங்கி, வாக்குக் கொடுத்தவர்களிடம் நடையாய் நடந்து, பாரம் பாரமாக அச்சாகும்போது சென்னையில் இருந்து புரூப் திருத்தி, விடுமுறை முடிந்ததும் கும்பகோணம் ஓடி வந்து, 1887-ல் புத்தகம் முடிகிறது. இரண்டாயிரம் வருஷத் தமிழ் என்று மேடையில் பேசுவது சுலபம். அது அச்சுக் காகித விலையின்மேல் நின்றுகொண்டிருந்தது என்பதைச் சொல்ல ஐயரவர்களைப் போல் ஒரு மனிதர் வேண்டும்.

சமையல் புஸ்தகம் என்று சொன்னேனல்லவா? எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. முதல் பாகம் 1951-ல் வந்தது; 70 வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் கடையில் கிடைக்கிறது. நம்முடைய நாவல்களில் எத்தனைக்கு இந்த ஆயுள்? இதை நான் சமைப்பதற்காக வாங்கவில்லை, நேர்மையாகச் சொல்கிறேன், வாசகத்துக்காக வாங்கினேன். நம் பாட்டிமார்கள் எல்லாவற்றையும் "கண்ணளவு, கையளவு" என்று சொல்லிவிடுவார்கள். கூடவே நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள ஆள் இருந்தவரைக்கும் அது சரி. கல்யாணமாகி டில்லிக்கோ கல்கத்தாவுக்கோ போன பெண்ணுக்குக் கூட நிற்க யார் இருக்கிறார்கள்? அவளுக்காக இந்த அம்மாள் ஆழாக்குக் கணக்கில் சொல்கிறார். எதற்கு முன்னால் எது, எதற்குப் பிறகு எது என்பதில் குழப்பமே இல்லை. அலங்காரம் கிடையாது, ருசியைப் பற்றிய புகழ்ச்சி கிடையாது. வினைச்சொற்களைப் பாருங்கள்: வறுத்து, பொடித்து, கரைத்து, தாளித்து, இறக்கி. ஒவ்வொன்றும் ஒரு கை செய்கிற காரியம். 'அவன் மனம் அலைபாய்ந்தது' என்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் இதில் பத்துப் பக்கம் படித்துவிட்டு எழுத உட்காரலாம்.

துப்பறியும் கதைக்கு வருகிறேன். அகதா கிறிஸ்டியின் முதல் நாவல், ஸ்டைல்ஸ் என்ற வீட்டில் நடந்த மர்மத்தைப் பற்றியது. 1920-ல் வெளியாயிற்று. முதல் உலக யுத்தத்தின்போது அந்த அம்மாள் தம் ஊரான டார்க்கீ ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தவர். சுற்றிலும் அலமாரி நிறைய விஷம். வேலை இல்லாத நேரத்தில்தான் கதை யோசித்தாராம். கதையில் கொலை எப்படி நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் பாவம் சுற்றும். ஆனால் அது மருந்துப் புட்டியைத் தினமும் கையில் எடுத்துக் குலுக்கினவர்களுக்குத்தான் தோன்றும். மருந்தாளர்களின் பத்திரிகை ஒன்று, விஷத்தைச் சரியாகக் கையாண்டதற்காக அந்த நாவலைப் பாராட்டியது. இலக்கிய விமரிசகர்களின் பாராட்டைவிட அந்த அம்மாள் அதற்கே அதிகம் சந்தோஷப்பட்டார் என்பார்கள். பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகள்தாம். ஆனால் புட்டி நிஜம். அந்த ஒரு நிஜப் புட்டியே ஒரு நாவலைத் தூக்கி நிறுத்தப் போதுமாக இருக்கிறது. தேவனின் சாம்புவும் பாங்கு குமாஸ்தாவாக இருந்தவன் என்பது ஞாபகம் வருகிறது. அசட்டுக் குமாஸ்தா என்று ஊன்றிச் சொன்ன பிறகுதான் தேவன் அவனைத் துப்பறிய அனுப்பினார். அதனால்தான் நமக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. பின்னால் வந்த நம் துப்பறிவோர்களிடம் துப்பாக்கி இருக்கிறது, கார் இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

க. நா. சுப்ரமண்யம் 'நிலவளம்' என்று மொழிபெயர்த்த நட் ஹாம்சனின் நாவலைப் பற்றி விரிவாக எழுத இங்கே இடமில்லை. 1917-ல் வந்தது, 1920-ல் ஹாம்சனுக்கு நோபல் பரிசு. ஈசாக் என்ற ஒருவன் காட்டுக்குள் நடந்து போய் இடம் பார்த்து, மரம் வெட்டி, குடிசை போட்டு, ஆடு வாங்கி, பயிர் வைக்கிறான். இங்கர் என்ற பெண் வந்து சேர்கிறாள், பசு வருகிறது, குழந்தைகள் வருகின்றன. வேலையே கதை. இங்கர் ஒரு பெரிய பாவம் செய்துவிட்டுச் சிறைக்குப் போய்த் தையல் கற்றுக்கொண்டு திரும்பி வருகிறாள். அந்தத் தையல் அவளையும் வீட்டையும் மாற்றிவிடுகிற விதம் இருக்கிறதே, அதை எழுதினவன் பெரிய ஆள்தான். அவரே வயதான காலத்தில் ஹிட்லர் பக்கம் நின்றார் என்பதும் உண்மை. மண்ணை நேசிப்பவர்கள் எல்லாரும் மனிதர்களையும் நேசிப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது போலிருக்கிறது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்கு வந்துவிட்டேன். 1972-ல் வெளியான இந்த நாவல் வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938-ல் இந்தோனேசியாவுக்குப் போய் மெடான் நகரத்து வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். யுத்தம் முடிந்து ஊர் திரும்பி மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். எழுதினது இரண்டே நாவல்கள்.

மெடான் செட்டித் தெருவை அவர் எழுதியிருப்பதைப் படித்தால் பெட்டியடியில் உட்கார்ந்த உணர்ச்சி ஏற்படுகிறது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக மனிதர்கள். ஊரில் பெண்டாட்டி, இங்கே மூன்று வருஷக் கணக்கு. பேரேட்டுப் புத்தி அவர்களுடைய பேச்சில், பரிகாசத்தில், பயத்தில், பெண்களைப் பற்றிய வம்பில்கூட ஊறியிருக்கிறது. இந்தக் கணக்கு உலகத்தின்மேல் 1942-ல் ஜப்பான்காரன் வந்து இறங்குகிறான். நேற்று வரையில் செல்லுபடியான நோட்டு இன்று என்ன பெறும்? கொடுத்த கடன் என்ன ஆகும்? மற்ற நாவலாசிரியர்களுக்கு யுத்தம் என்றால் குண்டும் ரத்தமும். சிங்காரத்துக்குத் தெரியும், யுத்தம் என்றால் விலைவாசியும்கூட. இப்படி ஒரு கடையிலிருந்து கிளம்பினவன் என்பதால்தான் பாண்டியன் பிற்பாடு நேதாஜியின் படையில் சேருவதும், துணிந்து ஆபத்தில் குதிப்பதும் வெறும் வீர சாகஸமாக இல்லாமல் நம்பும்படியாக இருக்கிறது. பேரேட்டிலிருந்து தப்பி ஓடுகிறவன் அவன். மெடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் கப்பலில் போகும்போது வரும் புயலைத் தமிழில் வேறு யாரும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் நான் படித்ததில்லை.

குறையும் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு உட்கார்ந்தால் இந்த ஆண்கள் நிறுத்தமாட்டேன் என்கிறார்கள். சங்ககாலம், கற்பு, தமிழன் பெருமை, தமிழன் சிறுமை என்று பேச்சு நீள்கிறது. முதல் தடவை பல பக்கங்களைத் தாண்டிப் போனேன். இரண்டாவது தடவை தாண்டவில்லை. வீட்டையும் பெண்களையும் விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற ஆண்கள் வேறு என்ன செய்வார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் பெண்கள்? அவர்கள் இந்த நாவலில் ஆண்களின் பேச்சிலும் ஞாபகத்திலும்தான் இருக்கிறார்கள். ஊரில் அந்த மூன்று வருஷத்தை ஒரு மனைவி எப்படிக் கழித்தாள் என்பதற்கு வேறொரு நாவல் வேண்டும்.

ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-லேயே ஒரு விதவையை நடுவில் வைத்து, அவள் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள் என்பதையே கதையாக்கியது. நிலம் கேட்டதற்குக் கொலையில் போய் முடிகிறது. சிறிய நூல், ஒரு பிற்பகலில் படித்துவிடலாம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) குமரிப் பக்கத்துப் பனைமரங்களின் கீழே நடக்கிறது. அந்தப் பக்கத்தில் பதனீரை அக்கானி என்பார்கள். மரம் வைத்திருக்கிற வீட்டுப் பெண் லிஸி, மரம் ஏறுகிறவன் மகன் தங்கராஜ். மதம் ஒன்று, கோவில் ஒன்று. மரத்துக்குக் கீழே நிற்கிற குடும்பமும் மேலே ஏறுகிற குடும்பமும் மட்டும் ஒன்றல்ல. காதலுக்கு வேறு வில்லன் வேண்டியிருக்கவில்லை. முடிவில் ஆசிரியை கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்பதைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை.

இத்தனையிலும் என்னை அதிகம் தொந்தரவு செய்தது, அளவில் சிறியதான அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973-ல் புத்தகமாக வந்தது. சென்னையில் ஒரு தெரு. குழாயில் தண்ணீர் இல்லை. ஜமுனா சினிமாவில் பெரிய நடிகையாகலாம் என்று காத்திருந்து, பாஸ்கர் ராவ் என்பவனிடம் ஏமாந்துகொண்டிருப்பவள். அவள் தங்கை சாயா வேலைக்குப் போகிறவள். தெருவில் டீச்சரம்மா. அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். சினிமாவை அதன் முதுகுப்புறத்திலிருந்து தெரிந்தவர். ஆகையால் ஜமுனாவின் சினிமாவில் வெளிச்சமே இல்லை. காத்திருப்பதும், கார் வந்து நிற்பதும், அதைத் தெரு பார்ப்பதும்தான். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அத்தையின் கேள்வியை இவர் ஒரு படி கீழே இறக்கிவிடுகிறார். சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். அரிசியை வேகவைக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை யார் சுமந்து வருகிறார்கள் என்று கேட்டோமா? ஆண் சம்பாதிப்பது தொழில். ராத்திரி கண் விழித்துப் பம்பு அடித்துக் குடம் குடமாகக் கொண்டுவந்து வைப்பதற்குப் பேரே கிடையாது. சம்பளப் பட்டியலில் வராத இந்த வேலைக்குள்ளேயே அந்தப் பெண்களின் சிநேகமும் சண்டையும் மானமும் நடந்து முடிகின்றன. டீச்சரம்மா ஜமுனாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், நோயாளிப் புருஷனையும் மாமியாரையும் காண்பிக்கிற இடத்தில் ஆசிரியர் ஒரு வார்த்தை உரக்கப் பேசவில்லை. தற்கொலையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த பெண் மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள் என்றால், ஏன் கிளம்புகிறாள் என்று நமக்குத் தெரிகிறது. அவளுக்கே தெரிவதற்கு முன்னால் தெரிகிறது.

இதையெல்லாம் ஒரு சிநேகிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர், "அப்படியானால் மௌனியை என்ன செய்வீர்கள்?" என்று மடக்கினார். நியாயமான கேள்வி. மௌனியின் மனிதர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் அது ஒரு குறையாகப் பட்டதில்லை. மௌனி உலகத்தைக் காட்டுவதாக நம்மிடம் சொல்லவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் ஒரு குரலைக் கேட்கச் சொல்கிறார். தொடர்கதைக்காரர் அப்படியல்ல, மாம்பலத்தில் வீட்டு நம்பர் கொடுக்கிறார், பஸ் ரூட் கொடுக்கிறார், புடவையின் நிறம் கொடுக்கிறார். இவ்வளவு கொடுத்தவர் அந்தப் புடவைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்ல மறுக்கிறார். சிநேகிதர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. மௌனிக்கு நான் தனிச் சலுகை காட்டுகிறேன் என்கிறார். காட்டினால்தான் என்ன?

இப்போது மேஜைமேல் இருப்பது கி. வா. ஜகந்நாதனின் 'என் ஆசிரியப்பிரான்'. ஐயரவர்கள் எழுதாமல் விட்டுப்போன பிற்பகுதி வாழ்க்கையை மாணவர் எழுதியிருக்கிறார். பக்தி அதிகமாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. முதல் 20 பக்கம்தான் ஆகியிருக்கிறது.